தனியாகக் கப்பல் பயணம்: எந்த அறை எடுப்பது?

வணக்கம் நண்பர்களே, கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதாகத் தெரியவில்லை, அதனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல் ஒன்றில் தனியாகவே போய் வரலாம் என்று இருக்கிறேன்.

சிக்கல் கட்டணத்தில்தான். விளம்பரத்தில் போடுவது, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒருவர் மட்டும் போனால் காலிக் கட்டிலுக்கும் சேர்த்துப் பல சமயம் இரண்டு மடங்கு வரை வாங்கிவிடுகிறார்கள். துறைமுக வரியும் டிப்ஸும் ஆள் கணக்கு, அதுவரை ஆறுதல். நார்வீஜியன் எபிக் கப்பலில் 2010-லேயே தனி ஆளுக்கென்று 128 ஸ்டுடியோ அறைகள் வைத்தார்கள். சுமார் 100 சதுர அடி, கடல் தெரியாது, ஆனால் தனியாக வருபவர்கள் கூடிப் பேச ஒரு பொதுக்கூடம் உண்டு. ஆசியப் பக்கம் ஓடும் கப்பல்களில் இந்த மாதிரி அறையில் யாராவது தங்கியிருக்கிறீர்களா?

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலேயே தலை சுற்றுகிற ஆள் நான். ஆட்டம் குறைவான கீழ்த்தளத்து நடுப்பகுதி அறைதான் எனக்குச் சரி. அறையை அவர்களே ஒதுக்கும் கேரன்டி கட்டணம் மலிவுதான், ஆனால் கப்பலின் மூக்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால்? பால்கனிக்குக் காசு கொட்ட மனசில்லை, வீட்டு வாசலில் நின்றாலே பள்ளத்தாக்கு தெரிகிறது.

அப்புறம், கடைசி நேரத்தில் தனி ஆளுக்கான கூடுதல் கட்டணத்தைக் குறைப்பார்களா? முன்பின் தெரியாதவரோடு அறையைப் பங்குபோட்டுப் போனவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.