பிப் முதலில் கேட்டது குரலையா, மோதியது உடலிலா?

ஏட்டுப்பிரியன்:
டேவிட் லீன் 1946-இல் எடுத்த ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தின் தொடக்கம் சார்லஸ் டிக்கன்ஸின் அதே பெயர் நாவலின் முதல் அத்தியாயத்தை வரி பிசகாமல் திரையில் தந்திருக்கிறது என்றும், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் மூலத்தைக் கெடுத்தவர்கள் என்றும் நண்பர் வெண்திரை நேற்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த அத்தியாயத்தை அவர் கடைசியாக எப்போது பிரித்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. குளிர் உறைக்கும் மாலை நேரத்தில், தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில் நின்று, சிறுவன் பிப் அச்சத்தில் அழத் தொடங்குகிறான். சத்தம் போடாதே என்று ஒரு பயங்கரக் குரல் அதட்டுகிறது. கல்லறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மனிதன், தப்பி வந்த கைதி, எழுகிறான். லீனின் படத்திலோ சிறுவன் கல்லறையில் மலர் வைக்கிறான், மரங்கள் முனகுவதைக் கேட்டு மிரண்டு பார்க்கிறான், திரும்பி ஓடுகிறான், கைதியின் உடம்பில் நேராகப் போய் மோதுகிறான். நாவலில் குரல் முன்னால் வருகிறது, படத்தில் உடல் முன்னால் வருகிறது. இதற்குப் பெயர் வரி பிசகாமையா?

வெண்திரை:
ஐயா, நீங்கள் சொல்லும் அந்த வாக்கியத்தை முழுவதுமாகப் படியுங்கள். குரல் எழும் அதே நொடியில்தான் மனிதனும் எழுகிறான் என்று டிக்கன்ஸ் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறார். எழுத்தில் எதையாவது ஒன்றை முதலில் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதால் குரல் முன்னால் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு லீனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. ஓடும் சிறுவனோடு கேமராவும் ஓடி, அவன் மோதும் இடத்தில் நாமும் மோதுகிறோமே, அந்த அதிர்ச்சிதான் மூலத்தின் அதிர்ச்சி. படத்தொகுப்பைப் பற்றி கேரல் ரைஸ் எழுதிய நூலில் இந்தக் காட்சி தனியே எடுத்து ஆராயப்பட்டிருக்கிறது. கருப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்காக கை கிரீன் ஆஸ்கர் பெற்றதும் இந்தப் படத்துக்குத்தான்.

ஏட்டுப்பிரியன்:
ஆஸ்கரை யார் கேட்டார்கள்? காட்சி சிறப்பாக இருக்கிறதா என்பது என் கேள்வி அன்று. மூலம் அதில் இருக்கிறதா என்பதே கேள்வி. 1860 டிசம்பரில் வார இதழில் இந்தக் கதையைத் தொடங்கியபோது டிக்கன்ஸ் எழுதிய முதல் பத்திகளை நினைத்துப் பாருங்கள். பெற்றோரைக் கண்ணால் பார்த்திராத சிறுவன், கல்லறை எழுத்துகளின் வடிவத்தை வைத்தே அப்பா கட்டுமஸ்தான கருத்த மனிதராக இருந்திருப்பார் என்றும், அம்மாவின் முகத்தில் புள்ளிகள் இருந்திருக்கும் என்றும் கற்பனை செய்கிறான். பக்கத்தில் ஐந்து தம்பி அண்ணன்மாரின் சிறு கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. தான் யார், தன் இடம் எது என்று அவனுக்கு விளங்கி அழுகை வரும் அந்தக் கணத்தில், முதல் மனிதக் குரல் அவனுடைய அழுகையை அடக்கச் சொல்கிறது. அதனால்தான் குரல் முன்னால் வர வேண்டும். லீனின் சிறுவன் அழவே இல்லை. அழாதவனை எவன் வந்து அடக்குவான்?

நிழல்மொழி:
இருவரும் 1946-ஐத் தாண்ட மாட்டீர்கள் போலிருக்கிறது. 1998-இல் அல்போன்சோ குவாரோன் இதே கதையை அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலோரத்துக்குக் கொண்டுபோனார். சிறுவனின் பெயர் ஃபின். ஆழமில்லாத நீரில் மீன்களைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான். ராபர்ட் டி நீரோ நடித்த கைதி ஆரஞ்சு நிறச் சிறையுடையில் தண்ணீருக்குள்ளிருந்து பாய்ந்து அவனைப் பிடிக்கிறான். நடந்ததை நடந்தபடி அல்லாமல் தன் நினைவில் உள்ளபடி சொல்லப்போவதாகக் கதைசொல்லி தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறான். வளர்ந்த பிப் தன் குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் நாவலுக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் எது?

ஏட்டுப்பிரியன்:
கல்லறையே இல்லாத தொடக்கத்தை டிக்கன்ஸின் தொடக்கம் என்று வாதிட ஒரு துணிச்சல் வேண்டும். உங்கள் ஃபின் எதைப் பார்த்துத் தன் தாய் தந்தையைக் கற்பனை செய்கிறான்? மீன்களையா? மேலும், அங்கேயும் உடல்தான் முன்னால் வருகிறது, குரல் பின்னால்தான் வருகிறது. லீன் செய்த பிழையை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கரைவாசி:
கைதி பிப்பைத் தலைகீழாகப் பிடித்துச் சட்டைப்பையை உலுக்கும்போது, தேவாலயமே கவிழ்ந்து கோபுரம் தன் கால்களுக்குக் கீழே வந்ததாகச் சிறுவன் சொல்கிறானே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அத்தியாயத்தின் முடிவில், கடற்கொள்ளைக்காரன் ஒருவன் முன்பு தொங்கிய தூக்குமரத்தை நோக்கிக் கைதி நொண்டி நடப்பதும், அந்தக் கொள்ளைக்காரனே உயிர்பெற்று இறங்கி வந்து மீண்டும் தொங்கப் போவதுபோல் தோன்றுவதும் இருக்கின்றன. குரலா உடலா என்பதைவிட இவை பெரியவை அல்லவா?

ஏட்டுப்பிரியன்:
அவை குரலுக்குப் பிறகு வருபவை. முதல் படி பிசகினால் மற்றதைப் பேசிப் பயனில்லை.

வெண்திரை:
இவர் எப்போதும் இப்படித்தான். லீனின் 1948 ‘ஆலிவர் ட்விஸ்ட்’ பற்றிய விவாதத்தை மறந்துவிட்டாரா? புயல் இரவில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தள்ளாடித் தள்ளாடி ஏழைகள் இல்லத்தை நோக்கி நடக்கும் தொடக்கம் நாவலில் எங்கும் அப்படி விரிவாக எழுதப்படவில்லை. நாவல் குழந்தையின் பிறப்பிலிருந்து தொடங்குகிறது. அந்தக் காட்சியை அன்று தலையில் வைத்துக் கொண்டாடியவர் இதே ஏட்டுப்பிரியன். அங்கே ஒரு காட்சியையே புதிதாகச் சேர்த்தால் மேதைமை, இங்கே ஒரு நொடி முன்பின் ஆனால் துரோகம். முயலுக்கு மூன்றே கால் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் என்ன பேசுவது?

ஏட்டுப்பிரியன்:
கொண்டாடினேன், இன்றும் கொண்டாடுவேன். ஏனென்றால் அந்தக் காட்சியை வரி பிசகாத டிக்கன்ஸ் என்று எவரும் என்னிடம் விற்கவில்லை. நேற்று அந்தச் சொற்களை எழுதியவர் நீங்கள். அவற்றைத் திரும்பப் பெறாமல் பழைய விவாதத்துக்குள் ஏன் ஒளிகிறீர்கள்?

வெண்திரை:
திரும்பப் பெற மாட்டேன். வளர்ந்த பிப்பாக நடித்த ஜான் மில்ஸின் குரல் நாவலின் முதல் வரிகளை வாசித்துத்தானே படம் தொடங்குகிறது? திரையில் புத்தகமே திறந்து கிடக்கிறதே!

நிழல்மொழி:
புத்தகத்தைப் படம்பிடித்தால் அது தழுவல் ஆகிவிடுமா? 2012-இல் மைக் நியூவெல் எடுத்த படத்தில் ரால்ப் ஃபைன்ஸ் நடித்த அந்தக் கைதி மாக்விட்சைப் பற்றியாவது கொஞ்சம் பேசுங்கள்.

ஏட்டுப்பிரியன்:
பேசலாம். அதற்கு முன்னால் நண்பர் வெண்திரை ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஜான் மில்ஸின் குரல் வளர்ந்த பிப்பின் குரல். நான் கேட்பது கைதியின் குரல். மோதுவதற்கு முன்னால் அந்தச் சிறுவன் காதில் அது விழுந்ததா, இல்லையா?