சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் ஆக்சிஜனேற்ற எண் எதுவும் மாறவில்லை. அப்படியானால் வெப்பம் எங்கிருந்து வருகிறது?

தாமரை:
அனைவருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. பயிற்சித் தாளில் சில வினைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்த வகை, அது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா, வெப்பத்தை உமிழ்கிறதா அல்லது கொள்கிறதா என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கை வினை என்றால் வெப்பம் வெளிவரும், சிதைவு வினை என்றால் வெப்பம் கொடுக்க வேண்டும், வெப்பம் வெளிவந்தால் அங்கே எலக்ட்ரான் கைமாறியிருக்கும் என்று வைத்துக்கொண்டு நிரப்பத் தொடங்கினேன். மக்னீசியம் நாடா எரியும் வினைக்கு மூன்றும் பொருந்தின. அதற்கு அடுத்த இரண்டில் நின்றுவிட்டேன்.

முதலாவது, சுட்ட சுண்ணாம்பும் நீரும் சேர்ந்து நீற்றிய சுண்ணாம்பு உருவாகும் வினை. இரு பக்கமும் கால்சியம் +2, ஆக்சிஜன் −2, ஹைட்ரஜன் +1 என்றே வருகின்றன. ஆனால் செய்து காட்டியபோது முகவையைக் கையால் தொட முடியவில்லை. இரண்டாவது, ஹைட்ரஜன் பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிவது. இது சிதைவு வினை. விடைத்தாளிலோ ஒரு மோலுக்கு −98 கிலோஜூல், அதாவது வெப்பம் வெளிவருகிறது என்று இருக்கிறது. மேலும், ஆக்சிஜனுக்கு −2 என்று போட்டால் அந்த மூலக்கூறின் கூட்டுத்தொகை சுழியாக வராமல் −2 என்று வருகிறது. எந்த இடத்தில் என் கணக்கு வழி மாறுகிறது என்று விளக்க வேண்டுகிறேன்.

கரும்பலகை:
தாமரை, தங்கள் எண் கணக்கு சுண்ணாம்பைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. அதன் மீது ஏற்றிவைத்த விதிகள்தாம் இடறுகின்றன. வினையின் வகை என்பது அணுக்கள் எப்படி இடம் மாறிச் சேர்ந்தன என்பதைச் சொல்கிறது. ஆக்சிஜனேற்ற எண் எலக்ட்ரான்களின் கணக்கைச் சொல்கிறது. வெப்ப மாற்றமோ வினைபடு பொருள்களுக்கும் விளைபொருள்களுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாட்டைச் சொல்கிறது. ஒன்றின் விடையைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க இயலாது. மக்னீசியத்தில் மூன்றும் ஒத்துப்போனது தற்செயலே. பாடநூல்கள் முதலில் அந்த எடுத்துக்காட்டையே காட்டுவதால் அது விதியைப் போலத் தோன்றிவிடுகிறது.

பெராக்சைடைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அங்கே இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. ஒரே தனிமத்தின் இரு அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பில் எலக்ட்ரான்களை எந்தப் பக்கத்துக்கும் எழுத முடியாது என்பதால், ஒவ்வொரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனிடமிருந்து மட்டுமே ஒன்றைப் பெற்று −1 ஆகிறது. பிரியும்போது பாதி அணுக்கள் −2 ஆக நீருக்குள் போகின்றன, மீதிப் பாதி சுழியாகி வாயுவாக வெளியேறுகின்றன. ஒரே தனிமம் தானே ஏறவும் தானே இறங்கவும் செய்யும் இதனை விகிதச் சிதைவு வினை என்பார்கள். ஆக்சிஜன்களுக்கு இடையிலுள்ள அந்த ஒற்றைப் பிணைப்பு வலுவற்றது; அது போய் வலுவான பிணைப்புகள் வருவதால் வெப்பம் வெளிவருகிறது. மாங்கனீசு டைஆக்சைடைத் தூவினால் வினையின் வேகம் கூடுமே தவிர −98 என்ற அளவு மாறாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசல் 100 மில்லியை முழுவதும் சிதைத்து, வெப்பம் சிறிதும் வெளியே போகாமல் காத்தால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி உயரும்.

இனிச் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பின் படிகத்தில் கால்சியம் அயனிகளும் ஆக்சைடு அயனிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு எதிர்மின்சுமைகளைச் சுமக்கும் ஆக்சைடு அயனி நீருக்குள் அப்படியே நிலைத்திருக்காது. அருகில் வரும் நீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானைப் பறித்துக்கொள்ள, பறித்ததும் பறிகொடுத்ததும் இரண்டுமே ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. ஆகவே இங்கே கைமாறியது புரோட்டான். இது அமிலத்துக்கும் காரத்துக்கும் இடையில் நடக்கும் வினையின் இனம். பழைய படிகத்தையும் நீரின் ஒரு பிணைப்பையும் கலைக்கச் செலவாகும் ஆற்றலைவிட, புதிய பிணைப்பும் கால்சியம் ஹைட்ராக்சைடின் புதிய படிகமும் அமையும்போது வெளிவருவது அதிகம். எலக்ட்ரான் கைமாறாமலே ஆற்றல் மிஞ்சுவது இப்படித்தான்.

எண்களிலும் பார்த்துவிடுங்கள். உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து ஒரு சேர்மம் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்) ஒரு மோலுக்குக் கால்சியம் ஆக்சைடுக்கு −635, திரவ நீருக்கு −286, கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு −986 கிலோஜூல். முதல் இரண்டின் கூட்டுத்தொகை −921, வேறுபாடு −65. அதாவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு வெளியிடும் வெப்பம், 200 மில்லி நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. நீர் குறைவாகவும் சுண்ணாம்பு மிகுதியாகவும் இருந்தால் முகவையில் நீராவி எழுவதும், கட்டி வெடித்து மாவாக உதிர்வதும் இதனால்தான். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் யாரும் செய்ய வேண்டாம்.

உலைக்களம்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் "எங்கிருந்து" என்ற சொல்லுக்கு இன்னொரு விடையும் இருக்கிறது. அந்த 65 கிலோஜூல் காளவாயில் எரித்த விறகிலிருந்தோ கரியிலிருந்தோ வந்தது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கிக் கார்பன் டைஆக்சைடை வெளியேற்ற, ஒரு மோலுக்கு 178 கிலோஜூல் தேவைப்படுகிறது. நீற்றும்போது அதில் 65 திரும்பி வருகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. அப்போது வெளிவருவது 113. இரண்டையும் கூட்டினால் சரியாக 178. புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் மொத்த வெப்ப மாற்றம் சுழியாக வேண்டும் என்பது 1840இல் ஹெஸ் வெளியிட்ட விதியின் நேரடி விளைவு. சுவரின் பூச்சு சூடாவதை நாம் உணராததற்குக் காரணம், அந்த 113 கிலோஜூல் பல வாரங்களில், சில வேளைகளில் அதற்கும் மேலான காலத்தில், சிறிது சிறிதாக வெளிவருவதே.

இந்தச் சுற்றில் ஒரு சிதைவு வினை, ஒரு சேர்க்கை வினை, அவற்றோடு நீரை வெளியேற்றும் மூன்றாவது வினை என்று மூன்று இருக்கின்றன. கார்பன் +4 இலிருந்தும், கால்சியம் +2 இலிருந்தும் ஒரு தடவைகூட அசையவில்லை என்பதைத் தாங்களே எழுதிப் பாருங்கள்.

தேர்வுநேரம்:
இவ்வளவு விரிவு மாணவர்களைக் குழப்பிவிடும் என்று அஞ்சுகிறேன். சிதைவு வினை என்றால் வெப்பக்கொள் வினை என்று எழுதினால் பெரும்பாலான வினாக்களுக்கு மதிப்பெண் கிடைத்துவிடுமே?

கரும்பலகை:
பெரும்பாலும் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. சுண்ணாம்புக்கல்லும் லெட் நைட்ரேட்டும் அந்த விதிக்கு அடங்கும். ஆனால் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா என்ற கேள்வியில் அவை இரண்டும் வேறுபடுகின்றன: லெட் நைட்ரேட்டைச் சூடாக்கும்போது செம்பழுப்பு வாயு எழுகிறதே, அதில் நைட்ரஜன் +5 இலிருந்து +4 க்கு இறங்கியிருக்கிறது, ஆக்சிஜனில் ஒரு பகுதி −2 இலிருந்து சுழிக்கு ஏறியிருக்கிறது. பெராக்சைடு விதியையே மீறுகிறது. அம்மோனியம் டைகுரோமேட்டு இன்னும் மோசம். தொடங்கிவைத்துவிட்டால் தன் வெப்பத்திலேயே தீப்பொறி கக்கிக்கொண்டு சிதையும். (எரிமலை என்ற பெயரில் அதைப் பள்ளிகளில் காட்டுவதை நான் ஆதரிப்பதில்லை, ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.) மறுபுறம், நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆவது சேர்க்கை வினைதான், அதற்கோ இரண்டு மோல் விளைபொருளுக்கு ஏறத்தாழ 180 கிலோஜூல் கொடுக்க வேண்டியிருக்கிறது. விதிவிலக்கைத் தேடித்தான் வினாத்தாள் அமைப்பவர்கள் கேட்பார்கள்.

தாமரை:
ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. காளவாய்ச் சுற்றை எழுதிப் பார்த்தேன். எந்த எண்ணும் மாறவில்லை. தாளில் மீதமிருப்பவை கால்சியம் உலோகம், கால்சியம் ஹைட்ரைடு, கால்சியம் கார்பைடு ஆகியவை நீருடன் புரியும் வினைகள். மூன்றிலும் வாயு வருகிறது, மூன்றிலும் நீற்றிய சுண்ணாம்பு மிஞ்சுகிறது, மூன்றும் வெப்பத்தை உமிழ்கின்றன. ஆகவே மூன்றுக்கும் ஒரே விடை எழுதலாமா?

உலைக்களம்:
எழுத முடியாது. உலோகம் சுழியிலிருந்து +2 க்கு ஏற, நீரின் ஹைட்ரஜன் +1 இலிருந்து சுழிக்கு இறங்குகிறது. இது ஒற்றை இடப்பெயர்ச்சி, ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையும்கூட. ஹைட்ரைடில் கால்சியம் முதலிலேயே +2 தான், ஆனால் அதிலுள்ள ஹைட்ரஜன் −1. அது நீரின் +1 ஹைட்ரஜனைச் சந்தித்து இரண்டும் சுழியாகின்றன. ஆகவே இதுவும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையே, எண் மாறும் தனிமம் மட்டும் வேறு. கார்பைடில் கார்பன் −1. வெளிவரும் அசிட்டிலீனிலும் கார்பன் −1. எலக்ட்ரான் கைமாறவில்லை, புரோட்டான்கள்தாம் கைமாறின. எனவே அதனைத் தங்கள் சுட்ட சுண்ணாம்புக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.