கொடி நாள் வசூலும் நம் சங்கத்துக் கணக்கும்

ஓய்வு ஹவில்தார்: நேற்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்கிறார்: "கொடி நாள் வசூல் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத்தானே வருகிறது, அப்புறம் ஏன் கூரை ஒழுகுகிறது?" படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1949 முதல் டிசம்பர் 7 கொடி நாள். வசூலை நடத்துவது கலெக்டர் அலுவலகம், பணம் போவது அரசின் கொடி நாள் நிதிக்கு. சங்கத்துக்கு ஒரு பைசா வராது.

வேலூர்க்காரன்: அந்த ஒருவர் நான்தான். சங்க வாசலில் உண்டியல் இருந்ததா, இல்லையா?

ஓய்வு ஹவில்தார்: இருந்தது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அப்படியே ஒப்படைத்து ரசீது வாங்கினோம். நிஜமான கதை வேறு. கட்டட நிதியை 1996ல் டெபாசிட் போட்டபோது வட்டி 12 சதவீதம். 2021ல் புதுப்பிக்கப் போனால் ஐந்தரைகூட இல்லை. அந்த வட்டியில்தான் கரன்ட் பில், வீட்டு வரி எல்லாம். 1971 போருக்குப் போன ஆட்கள் சந்தா பாக்கி வைத்ததே இல்லை. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது ஓய்வு பெறுகிறவர்கள் ராணுவ கேன்டீன் கார்டோடு சரி.

வேலூர்க்காரன்: வட்டிக் கதையை யார் கேட்டது? உண்டியலுக்கு வாருங்கள்.

கணக்குப்பிள்ளை: 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நகலை இங்கே போடுங்களேன்.

ஓய்வு ஹவில்தார்: பொதுக்குழுவில் எல்லோர் கையிலும் கொடுத்தோம். வராதவர்களுக்கு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

சிப்பாய் மகள்: உண்டியலை விடுங்க சார். நவம்பரில் அப்பாவுக்கு ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஆயுள் சான்று போட 100 ரூபாய் வாங்கினீர்களே, அதற்கு ரசீது எங்கே?

ஓய்வு ஹவில்தார்: அம்மா, கம்ப்யூட்டரில் உட்காரும் பையனுக்குச் சம்பளம் யார் தருவது? பென்ஷன் நின்றுபோன பெரியவர்கள் முதலில் ஓடி வருவது எங்களிடம்தான்.

வேலூர்க்காரன்: சுபேதார் வீட்டிலும் 100 ரூபாய் வாங்கினீர்களா? சிப்பாய் வீடு என்றால் மட்டும் கை நீளுகிறது. உண்டியலும் அப்படித்தான்.

ஓய்வு ஹவில்தார்: செயலாளர் தேர்தலில் தோற்ற கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. ரசீது இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்வது?

வேலூர்க்காரன்: தோற்றேனா? சந்தா கட்டாதவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து ஓட்டுப் போட வைத்தது யார்?

கணக்குப்பிள்ளை: நகல் கேட்டேனே.

ஓய்வு ஹவில்தார்: சந்தாப் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைக்கிறேன். யார் பாக்கி, யார் கட்டினார்கள் என்று ஆள் ஆளாகப் படிக்கலாம். முதல் பக்கத்திலேயே உங்கள் பெயர்தான் இருக்கும்.