டி டோரியன் வாசித்தாலும் சி மேஜராகவே கேட்கிறது

கேள்வி:
நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் மேஜர், மைனர் ஸ்கேல்களை ஓரளவு தடையின்றி வாசிக்கிறேன். இப்போது மோடுகளை, அதாவது ஒரே ஸ்கேலின் ஸ்வரங்களை வேறொரு ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டு வாசிக்கும் முறைகளைக் கற்கத் தொடங்கி, முதலில் டி டோரியனை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏ தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் ஆரம்பித்து டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி என ஏறி இறங்க விரல்கள் பழகிவிட்டன. ஆனாலும் காதுக்கு அது சி மேஜரை இரண்டாம் ஸ்வரத்திலிருந்து தொடங்கியதுபோலவே இருக்கிறது. இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஒன்றே என்னும்போது, டோரியனைத் தனியாகக் காட்டுவது எது? பயிற்சியை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்?

மறுமொழி 1:
ஏறி இறங்குவதை மட்டுமே பயிற்சியாக வைத்திருப்பதுதான் காரணம் என்று கருதுகிறேன். ஏழு ஸ்வரங்களுக்கும் சமமான நேரம் கொடுத்தால் எது ஆதாரம் என்பதைக் காதே முடிவு செய்துகொள்ளும். மேஜர் ஸ்கேலில் ஊறிய காது சியைத்தான் பிடித்துக்கொள்ளும். எனவே டி தந்தியைத் திறந்த நிலையில் மீட்டி ஒலிக்கவிட்டு, அதன்மேல் ஜி தந்தியில் மட்டும் ஸ்கேலை வாசியுங்கள். 4ஆம் ஃப்ரெட்டில் உள்ள பியில் சற்று நின்று கேளுங்கள். பிறகு 3ஆம் ஃப்ரெட்டுக்கு, அதாவது பி ஃப்ளாட்டுக்கு, இறங்கிக் கேளுங்கள். பி ஃப்ளாட் வந்தால் அது டி மைனர், பி வந்தால் டோரியன். வேறுபாடு இந்த ஆறாம் ஸ்வரத்தில் மட்டுமே இருப்பதால், சி மேஜரை மறந்துவிட்டு டி மைனரோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

மறுமொழி 2:
அந்தப் பிதான் விரல்களுக்கும் சிக்கல். ஆள்காட்டி விரல் 5ஆம் ஃப்ரெட்டில் இருந்தால் சுண்டுவிரல் 8 வரைதான் எட்டும்; பியோ டி தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டில் அல்லது ஜி தந்தியின் 4ஆம் ஃப்ரெட்டில் இருக்கிறது, இரண்டும் அந்த எல்லைக்கு வெளியே. விரலை நீட்டி எட்ட முயலாதீர்கள், மணிக்கட்டு வலிக்கும். டி தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டில் ஏவை வாசித்ததும் கையை முழுதாக ஒரு ஃப்ரெட் பின்னுக்கு நகர்த்தினால், ஜி தந்தியில் பி ஆள்காட்டி விரலுக்கும், சி நடுவிரலுக்கும், மேல் டி சுண்டுவிரலுக்கும் இயல்பாக அமைந்துவிடும். இறங்கும்போது எஃப் வருவதற்குள் கை பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

மறுமொழி 3:
கர்நாடக இசை கேட்பவராயின் இது புதிதல்ல. சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாகக் கொண்டால் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள் கிடைக்கும். நீங்கள் செய்வதும் அதே கிரக பேதம்தான். (கமகங்களையும் பிடிகளையும் விட்டுவிட்டு ராகத்தை ஸ்கேலோடு சமப்படுத்திவிடக் கூடாது என்பது வேறு விஷயம்.) குழுவில் வாசிக்கும்போது, கீழ்ஸ்வரம் உங்கள் கையில் இருப்பதால், டி மைனர், ஜி கார்டுகள் மாறி மாறி வரும் இடத்தில் நீங்கள் வலுவான தட்டுகளில் சியை வைத்தால் மற்றவர்கள் எவ்வளவு கவனமாக வாசித்தாலும் டோரியன் கலைந்துவிடும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவு செய்த 'சோ வாட்' இதற்கு நல்ல பயிற்சி: அதன் மையக்கருத்தை வாசிப்பதே பேஸ்தான். 16 பார்கள் (தாளச் சுற்றுகள்) டி டோரியன், 8 பார்கள் அரை ஸ்வரம் மேலே ஈ ஃப்ளாட் டோரியன், மீண்டும் 8 பார்கள் டி. அதே விரலமைப்பை ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பியையும் பி ஃப்ளாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது வேறுபாடு உடனே விளங்கியது. மிக்ஸோலிடியன் என்ற மோடுக்கும் இதே முறை பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தும், ஆனால் ஏ மிக்ஸோலிடியனாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏ தந்தியைத் திறந்து ஒலிக்கவிட்டு, டி தந்தியின் 6ஆம் ஃப்ரெட்டில் உள்ள ஜி ஷார்ப்பையும் 5ஆம் ஃப்ரெட்டில் உள்ள ஜியையும் ஒப்பிடுங்கள். முன்னது ஏ மேஜருக்கு உரியது, பின்னது மிக்ஸோலிடியனுக்கு உரியது.