சிடிடி தேர்வில் ஒருமுறை தவறிவிட்டது, அடுத்த முறைக்கு எப்படிப் படிக்கலாம்?

செங்கல்82:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் 9 வருடம் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டு, இப்போது ஹூஸ்டனில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஸ்பெக் (பொருள், தரம், வேலைமுறை பற்றிய எழுத்து விவரம்) எழுதுபவருக்கு உதவியாக வேலை பார்க்கிறேன். சிஎஸ்ஐ என்ற அமெரிக்கக் கட்டுமான ஸ்பெக் அமைப்பு நடத்தும் சிடிடி (கட்டுமான ஆவணங்கள் பற்றிய) தேர்வை வசந்தகாலத்தில் எழுதினேன், தேறவில்லை. அது முடிந்தால்தான் சிசிஎஸ் (ஸ்பெக் எழுதுபவருக்கான சான்றிதழ்) பக்கமே போக முடியும் என்பதால் இலையுதிர்காலத்தில் மறுபடியும் எழுதப்போகிறேன்.

நான் படிக்காமல் போகவில்லை. பிராக்டிஸ் கைடு புத்தகத்தை மூன்று முறை படித்தேன், மாஸ்டர்ஃபார்மட் (ஸ்பெக்குகளை வகைப்படுத்தும் பொது எண்முறை) எண்களை அட்டையில் எழுதி பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனப்பாடம் செய்தேன். 033000 காங்கிரீட், 079200 சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் பசை), 087100 கதவு ஹார்டுவேர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தேர்வில் 120 கேள்வி, 2 மணி நேரம், அதில் எண் கேட்டது மிகக் குறைவு. பெரும்பாலும் "இந்த நிலையில் யார் என்ன செய்ய வேண்டும்" என்ற மாதிரிதான் கேட்டார்கள். நான்கு விடையுமே சரி போலத் தெரிந்தது. எங்கே தவறு செய்கிறேன்?

நீலத்தாள்:
எண்களை விடுங்கள். டிவிஷன் (எண்முறையின் பெரும்பிரிவு) பெயர்கள் தெரிந்தால் போதும். 2004-க்கு முன்னால் 16 டிவிஷன், மெக்கானிக்கல் 15, மின்சாரம் 16 என்று இருந்தது, இப்போது 00 முதல் 49 வரை, மின்சாரம் 26, பிளம்பிங் 22, ஏசி வேலை 23. இந்த அளவு போதும்.

உங்களுடைய சிக்கல் அந்த 9 வருட அனுபவம்தான் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் வந்தேன், அதனால் சொல்கிறேன். நம் ஊரில் எல்லாமே பிஓகியூ என்ற அளவுப் பட்டியலில் இருக்கும்: ஐட்டம், விவரம், அளவு, ரேட். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் முரண்பாடு வந்தால் அந்த அளவுப் பட்டியலில் உள்ள விவரம்தான் முதலில் நிற்கும், டிராயிங் அதற்குப் பிறகுதான். இங்கே லம்ப்சம் (மொத்தத் தொகைக்குப் பேசிய) வேலையில் அந்தப் பட்டியலே கிடையாது, டிராயிங்கைப் பார்த்து காண்ட்ராக்டரே அளவு எடுத்துக்கொள்கிறார். எங்கே, எவ்வளவு என்பதை டிராயிங் சொல்லும், எந்தத் தரம் என்பதை ஸ்பெக் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் எது பெரியது என்று தேர்வில் கேட்டால் நம் கை தானாக ஸ்பெக் பக்கம் போகும். ஆனால் ஏ201-இல், அதாவது அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கம் வெளியிடும் ஒப்பந்தப் பொது நிபந்தனையில், அப்படி ஒரு வரிசையே இல்லை. எல்லா ஆவணங்களும் ஒன்றையொன்று நிரப்புபவை, ஒன்றில் கேட்டது எல்லாவற்றிலும் கேட்டதற்குச் சமம் என்றுதான் இருக்கிறது.

அதே மாதிரி, சாரம் ஆடுகிறது என்றால் சென்னையில் நீங்கள் சத்தம் போட்டு வேலையை நிறுத்தியிருப்பீர்கள். இங்கே கட்டும் முறையும் பாதுகாப்பும் காண்ட்ராக்டர் பொறுப்பு. ஒப்பந்தத்துக்கு ஒத்துவராத வேலையை ஆர்க்கிடெக்ட் நிராகரிக்கலாம், ஆனால் வேலையை நிறுத்தும் உரிமை ஓனருக்குத்தான். இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்தால் கேள்விகளில் பாதி தெளிந்துவிடும். ஏ201-இன் 15 பிரிவுகளையும் ஒவ்வொரு பத்தியிலும் "யார்? யாருக்கு? எத்தனை நாளில்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே படியுங்கள். பில் வந்தால் ஆர்க்கிடெக்ட் 7 நாளில் பதில் சொல்ல வேண்டும், சப்ஸ்டான்ஷியல் கம்ப்ளீஷனுக்கு (கட்டடம் பயன்படுத்தும் அளவுக்கு முடிந்த நிலைக்கு) முன் மிச்ச வேலைப் பட்டியலை முதலில் தயாரிப்பவர் காண்ட்ராக்டர், ஆர்க்கிடெக்ட் இல்லை. இந்த மாதிரி.

அப்புறம் ஒப்பந்தக் கையெழுத்துக்கு முன், பின் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன்னால் டெண்டர் ஆவணத்தை மாற்றினால் அடெண்டம், பின்னால் ஒப்பந்தத்தை மாற்றினால் சேஞ்ச் ஆர்டர் வகையறா. டெண்டர் போடுபவர்களுக்கான அறிவுறுத்தல் ஒப்பந்த ஆவணம் ஆகாது. காண்ட்ராக்டர் தரப்பு போட்டுத்தரும் ஷாப் டிராயிங்கும் ஆகாது, ஆர்க்கிடெக்ட் முத்திரை விழுந்திருந்தாலும்.

வடக்குவாசல்:
நான் டொரன்டோவில் இருக்கிறேன். மாஸ்டர்ஃபார்மட்டை சிஎஸ்ஐயும் எங்கள் பக்கத்து சிஎஸ்சியும் (கனடாவின் அதே மாதிரி அமைப்பு) சேர்ந்துதான் வெளியிடுகின்றன, அதனால் எண்ணெல்லாம் ஒன்றேதான். ஆனால் நீலத்தாள் சொன்ன முரண்பாடு விஷயத்தில் கவனமாக இருங்கள். இங்கே சிசிடிசி 2 என்ற கனடாவின் பொது ஒப்பந்தப் படிவத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது, ஸ்பெக் டிராயிங்கை மிஞ்சும். கனடா நண்பர்களின் குறிப்பை வாங்கிப் படித்து அமெரிக்கத் தேர்வு எழுதாதீர்கள்.

பனங்காடு:
நீலத்தாள் அண்ணா சொன்னது எல்லாம் சரி. நான் செய்ததைச் சொல்கிறேன். புத்தகத்தை வரிசையாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு செக்ஷனை எடுத்துக்கொண்டேன்: 079200, சீலண்ட். ஒரு மாதம் அதோடுதான் இருந்தேன்.

காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்தில் ஜாயின்ட் வழியாகத் தண்ணீர் வருகிறது என்று போனோம். கத்தியால் சீலண்டைக் கீறி எடுத்துப் பார்த்தால் நடுவில் கிழிந்திருந்தது, அடிப்பக்கமும் காங்கிரீட்டோடு ஒட்டியிருந்தது. உள்ளே பேக்கர் ராட், அந்த நுரைக் கயிறு, போடவே இல்லை. அது இருந்தால் சீலண்ட் இரண்டு பக்கம் மட்டும் ஒட்டி, ரப்பர் மாதிரி இழுபடும். மூன்று பக்கமும் ஒட்டினால் இழுபட இடமில்லாமல் கிழிந்துவிடும். ஸ்பெக்கைத் திறந்தால், ஒரு செக்ஷனில் இருக்கும் மூன்று பாகங்களில் பாகம் 2-இல் பேக்கர் ராட் பெயர் இருக்கிறது, பாகம் 3-இல் அதை எப்படி வைக்க வேண்டும் என்று இருக்கிறது. யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து மூன்று பாகமும் எனக்கு மறக்கவில்லை. சப்மிட்டல் (காண்ட்ராக்டர் பார்வைக்கு அனுப்பும் மாதிரி, விவரத்தாள்), வாரன்டி, பொருளைக் கொண்டுவந்து பத்திரமாக வைப்பது எல்லாம் பாகம் 1. பொருள் என்ன, தொழிற்சாலையில் என்ன சோதனை என்பது பாகம் 2. ஜாயின்டைத் துடைப்பது, பூசுவது, சைட்டில் சோதிப்பது பாகம் 3. நான்கு வகையாக ஸ்பெக் எழுதுவதையும் இதே சீலண்டில் எழுதிப் பார்த்தேன். இன்ன கம்பெனியின் இன்ன பொருள் என்றால் புரொப்ரைட்டரி, ஏஎஸ்டிஎம் சி920 என்ற சீலண்ட் தர அளவுகோலுக்கு ஒத்திருக்க வேண்டும் என்றால் ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டு, ஜாயின்ட் இவ்வளவு விரிந்தாலும் நீர் புகக்கூடாது என்று பலனை மட்டும் கேட்டால் பெர்ஃபார்மன்ஸ், பெயர் சொல்லாமல் குணங்களை விவரித்தால் டிஸ்கிரிப்டிவ். ஒருமுறை கையால் எழுதிவிட்டால் தேர்வில் குழப்பமே வராது.

உங்கள் ஊர் சிஎஸ்ஐ கிளையில் தேர்வு வகுப்பு நடத்துகிறார்களா என்றும் விசாரியுங்கள். காண்ட்ராக்டர் பக்கத்து ஆட்களோடு உட்கார்ந்து படிப்பது தனி.

செங்கல்82:
மூவருக்கும் மிக்க நன்றி. சாரம் கேள்வி எனக்கு உண்மையிலேயே வந்தது, நான் வேலையை நிறுத்துவது என்றுதான் குறித்தேன்! நேற்று இரவே ஏ201-ஐ "யார், யாருக்கு, எத்தனை நாளில்" என்று அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன். தோண்டும்போது எதிர்பாராத பாறை வந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், க்ளெய்முக்கும் (கூடுதல் பணம், நாள் கேட்கும் கோரிக்கைக்கும்) 21 நாள் என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

நீலத்தாள்:
க்ளெய்ம் 21 சரி. பாறைக்கு 21 என்பது 2007 பதிப்பு. 2017 பதிப்பில் பார்த்த நாளிலிருந்து 14 நாளுக்குள், அதுவும் அந்த இடத்தைக் கலைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். உங்கள் கையில் இருப்பது பழைய பிரதி என்று நினைக்கிறேன், முதல் பக்கத்தில் வருடம் பாருங்கள்.

செங்கல்82:
2007 தான் அண்ணா. அலுவலக சர்வரில் இருந்ததை எடுத்தேன், மூன்று மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கே புதியதை வாங்கி அட்டவணையை முதலிலிருந்து போடுகிறேன்.