எரிமலைத் தீவில் குடித்தனம்: கூரைத் தண்ணீர் அனுபவங்கள்

ஹவாயின் பெரிய தீவில், புனா, காவூ பக்கம் நிறைய வீடுகளுக்குக் குழாய் இணைப்பே கிடையாது. கூரையில் பெய்வதுதான் குளிக்க, துவைக்க எல்லாத்துக்கும். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. பெய்தால் 100 லிட்டர். ஹிலோ பக்கம் வருஷத்துக்கு 3,000 மி.மீ. தாண்டும், அளவுக்குப் பஞ்சமில்லை. மழையோடு கூட வருவதுதான் வம்பு. இங்குள்ள கிலவேயா எரிமலையின் உச்சியில் 2024 டிசம்பரில் தொடங்கிய வெடிப்பு விட்டு விட்டு வருகிறது. தீ ஊற்று (எரிமலைக் குழம்பு ஊற்றுபோலப் பீறிடுவது) எழும்பினால் முதலில் தொட்டிக்குப் போகும் பைப்பைக் கழற்றிவிடுங்கள். கூரையைக் கழுவுவது அதற்கு அப்புறம். அவசரத்தில் பலர் மாற்றிச் செய்து, சாம்பலை எல்லாம் தாங்களே தொட்டிக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

— — —

சாம்பலைவிட, எரிமலைக் குழம்பு காற்றில் இழுபட்டு இறுகி வரும் 'பெலேயின் கூந்தல்' மோசம் (பெலே என்பது ஹவாயின் எரிமலைத் தெய்வம்). பொன்னிற முடி மாதிரி கிடக்கும், ஆனால் அத்தனையும் கண்ணாடி இழை. துடைப்பத்தால் பெருக்கினால் பொடிப்பொடியாக ஒடிந்து பறக்கும். ஈரமாக்கி, கையுறை போட்டு அள்ள வேண்டும். கொடியில் காயும் துணியிலும் ஒட்டும். குழந்தை கண்ணைக் கசக்கினால் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரால் அலசுங்கள்.

— — —

கண்ணுக்குத் தெரியாதது ஒன்று: ஈயம். எரிமலைப் புகையின் கந்தக டை ஆக்சைடு மழையைப் புளிக்க வைக்கும். பழைய கூரையின் ஈயத்தலை ஆணி, பற்றவைப்பு, பெயின்ட் எல்லாவற்றிலிருந்தும் ஈயம் கரைந்து இறங்கும். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறியும். ஆப்பசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் புளிப்பைக் குறைக்கலாம். ஏற்கெனவே கரைந்த ஈயத்தை அது எடுக்காது. குடிக்கவும் சமைக்கவும் கவுன்டியின் (உள்ளூர் நிர்வாகத்தின்) பொதுக் குழாயில் கேன் பிடித்து வருவதே மேல்.

— — —

கிருமிக்கு: வாசனை சேர்க்காத 5% பிளீச், 1,000 லிட்டருக்கு 20 மி.லி. வீட்டுக்குள் வரும் வழியில் 20 மைக்ரான், அடுத்து 5 மைக்ரான் வடிகட்டி, கடைசியில் கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு. வரிசை மாறக் கூடாது. கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது. விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும்.

தொட்டி வலையில் கிழிசல் இருந்தால் உடனே தைத்துவிடுங்கள், நத்தை உள்ளே போகும். இங்கே எலி நுரையீரல் புழு நோய் உண்டு, அது நத்தை, ஓடில்லா நத்தை வழியாகப் பரவுவது. லெட்யூஸ் கீரையைக் கட்டோடு முக்கி எடுத்தால் போதாது. இலை இலையாகப் பிரித்து, இரண்டு பக்கமும் ஓடும் தண்ணீரில் தேய்க்கணும். அடிக்காம்பின் மடிப்பில்தான் குட்டி நத்தை ஒளிந்திருக்கும்.