அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் இசை பிறந்த இடங்களுக்குப் போயிருக்கிறீர்களா?

நானே தொடங்குகிறேன். வேலை விஷயமாக மெம்பிஸ் போயிருந்தபோது கூட வந்தவர்கள் எல்லாரும் எல்விஸ் வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் மட்டும் மெக்லமோர் அவென்யூவில், சோல் பாட்டுகளை வெளியிட்ட ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனியின் மியூசியத்துக்குப் போனேன். அசல் கட்டடத்தை 1989-இல் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது அதே இடத்தில் 2003-இல் திறந்தது. புதுசுதானே, என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்போடுதான் ஸ்டூடியோ அறைக்குள் நுழைந்தேன். நாலு அடி வைத்ததும் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. தரை சரிவு!

அது ஒரு காலத்தில் சினிமா கொட்டகை. வாடகைக்குப் பிடித்தவர்கள் செலவுக்குப் பயந்து தரையைச் சமன் செய்யாமலே விட்டுவிட்டார்கள். ஸ்டாக்ஸ் ரெக்கார்டுகளில் டிரம்ஸும் பேஸும் அவ்வளவு கனமாக விழுவதற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம் என்பார்கள். திரும்பக் கட்டியவர்கள் அதையும் மறக்காமல் கட்டியிருக்கிறார்கள்.

தம்பி ஜிம் ஸ்டூவர்ட் உள்ளே பாட்டுப் பதிவு செய்ய, அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் கொட்டகையின் தின்பண்டக் கடை இருந்த இடத்தில் ரெக்கார்டு விற்றார். இரண்டு பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் ‘ஸ்டாக்ஸ்’. புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ் என்ற குழு 1962-இல் ‘க்ரீன் ஆனியன்ஸ்’ வாசித்தது இங்கேதான். ஆர்கன் வாசித்த புக்கர் டி ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது. அதை முதலில் ரெக்கார்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள்! அதுவே அமெரிக்கப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது. அந்தச் சரிவில் நின்றபடி ஹெட்ஃபோனில் அதைக் கேட்டேன். அறை முழுக்க யாரும் இல்லை. மூன்று தடவை கேட்டேன்.

ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேய்ஸின் தங்க அலங்காரக் காடிலாக் காரும் அங்கே இருக்கிறது. கூட்டமெல்லாம் அதைச் சுற்றித்தான்.

*

அண்ணா, நீங்கள் சரிவு என்றதும் எனக்கு டெட்ராய்ட் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே இருக்கும் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் வீட்டைச் சொல்கிறேன். வீடேதான், சாதாரணக் குடியிருப்பு வீடு. பெர்ரி கோர்டி 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி. மாடியில் கூரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதற்கு நேர் கீழே நின்று கை தட்டச் சொன்னார் வழிகாட்டும் அம்மா. தட்டினேன். சத்தம் பெரிசாகித் திரும்பி வந்தது. அதுதான் அவர்களுடைய எக்கோ அறையாம்!

கடைசியில் கீழே ஸ்டூடியோவில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ள்’ பாட வைத்தார்கள். எனக்கு வரியெல்லாம் தெரியும், சுருதிதான் வராது. பக்கத்தில் நின்ற தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது. மோட்டவுன் ரெக்கார்டு உறைகளில் அவரைப் போன்ற வாசிப்பாளர்கள் பெயரெல்லாம் 1971 வரை வரவே இல்லை. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் முதலில் வந்தது. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

*

நான் மியூசியம் எதற்கும் போனதில்லை. அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில் படித்தேன், அவ்வளவுதான். அங்கே மொனோனா டெரஸ் என்ற ஏரிக்கரைக் கட்டடத்தின் மொட்டைமாடியில், ஸ்டாக்ஸில் பாடிய ஓட்டிஸ் ரெடிங்குக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. முதல் வருடம் முழுக்க அதைத் தாண்டி நடந்திருக்கிறேன், படித்ததே இல்லை. ஒரு டிசம்பரில் பனியைக் கையுறையால் தள்ளிவிட்டுப் படித்தேன். எதிரே தெரியும் ஏரியில்தான் 1967 டிசம்பர் 10 அன்று அவருடைய விமானம் விழுந்தது. கூட வந்த பார்-கேஸ் குழுவில் பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. டிரம்பெட் வாசித்த பென் காலி மட்டும் இருக்கை மெத்தையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். விமானத்தில் இடமில்லாமல் வேறு விமானத்தில் கிளம்பிய பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் அலெக்ஸாண்டரும் அவரும் சேர்ந்து குழுவைத் திரும்ப உருவாக்கினார்கள்.

ஓட்டிஸின் ‘டாக் ஆஃப் த பே’ பாட்டின் முடிவில் வரும் விசில், விபத்துக்கு முந்தைய சில வாரங்களுக்குள் பதிவு செய்தது. நான் பலகையைப் படித்த அன்று ஏரி உறைந்திருந்தது. மேலே யாரோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.